இ-எஸ்சிஆர் விமர்சனம்: வராத பாக்கியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும்

உச்ச நீதிமன்றம் இலவசமாக நடத்தும் இ-எஸ்சிஆர் தளத்தைக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள், வேலைக்குச் சேரும்போது பாண்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள், அட்வான்ஸ் கட்டி வீடு புக் செய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

நான் வக்கீல் இல்லை, சிறு தொழில் நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன். என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பிரச்சினைதான்: சரக்கு போய்விட்டது, பில் போய்விட்டது, பணம் வரவில்லை. உடனே மூன்று கேள்வி கேட்பார்கள். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா, அந்தக் கம்பெனியைத் திவாலுக்கு இழுக்கலாமா, ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடலாமா. இந்த மூன்றுக்கும் வாட்ஸ்அப்பில் பதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, "உச்ச நீதிமன்றம் அதிரடி" என்று ஆரம்பிக்கும், தேதியோ வழக்கு எண்ணோ இருக்காது. அதை நம்பி யாராவது ஒரு முடிவெடுத்துவிட்டு வந்து நிற்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். அதனால் இந்தத் தளத்தை அந்த மூன்று கேள்விகளை வைத்தே எடைபோடப் போகிறேன். நடுவே தீர்ப்புகளைப் பற்றியே நிறையப் பேசுவேன், ஏனென்றால் உள்ளே என்ன கிடைக்கிறது என்று தெரியாமல் தளம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

முதலில் இது என்ன என்று சுருக்கமாக. எஸ்சிஆர் என்பது உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு, 1950இல் இருந்து வருகிறது. தடித்தடி புத்தகங்களாக நூலகத்திலும் பெரிய வக்கீல்களின் அலமாரியிலும் இருந்தவை. 2023 ஜனவரி 2 அன்று, சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, சுமார் 34,000 தீர்ப்புகளோடு இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிறகு 2024 ஜனவரி 28 அன்று, உச்ச நீதிமன்றத்தின் வைர விழாவில், டிஜி எஸ்சிஆர் என்று தொகுதி வாரியாகப் படிக்கும் வசதியும் வந்தது. 1950 முதல் 519 தொகுதிகள், 36,308 வழக்குகள். அதற்கு முன்னாலும் தீர்ப்பின் நகல் இலவசமாகக் கிடைத்ததுதான், ஆனால் சரிபார்த்து, பக்க எண்ணோடு, சுருக்கக் குறிப்போடு வேண்டுமென்றால் சந்தா கட்டும் தளங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு சின்ன ஊர் ஜூனியர் வக்கீலுக்கும் டெல்லியில் இருக்கும் பெரிய நிறுவன வக்கீலுக்கும் இடையே இருந்த ஒரு வேலி இப்போது இல்லை. இதற்காகவே நான் இந்தச் சேவையை மனதார மதிக்கிறேன்.

பயன்படுத்துவது எளிது. சொற்றொடரை வைத்துத் தேடலாம், வழக்கு எண், நீதிபதி பெயர், சட்டத்தின் பெயர், தேதி என்றும் தேடலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். கேப்ட்சாவை அடித்தால்தான் தேடல் ஓடும், அது எரிச்சல்தான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 2023இல் வந்த நியூட்ரல் சைட்டேஷன் எண். ஆண்டு, நடுவில் ஐஎன்எஸ்சி, அப்புறம் அந்த வருடத்தின் வரிசை எண், அவ்வளவுதான். 2025 ஐஎன்எஸ்சி 162 என்று யாராவது சொன்னால் அது உலகத்தில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் குறிக்கும். இனிமேல் யாராவது தீர்ப்புச் செய்தியை அனுப்பினால் இந்த எண்ணைக் கேளுங்கள். எண் கொடுக்க முடியாதவரிடம் வாதம் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, புதிய தொகுதிகளில் தீர்ப்பின் முகப்பில் இருக்கும் அமைப்பு. நீதிமன்றம் எந்தப் பிரச்சினையைப் பரிசீலித்தது என்பது முதலில், அதன்பிறகு சாரம், பிறகு மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்புகள், சட்டங்களின் பட்டியல், முக்கியச் சொற்கள். எண்பது நூறு பக்கத் தீர்ப்பில் எங்கே போய் நிற்பது என்று தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு முதல் இரண்டு மூன்று பக்கம் வழிகாட்டிவிடும். சாரம் என்பது பதிப்பாசிரியர்கள் எழுதுவது, தீர்ப்பின் பகுதி இல்லை, அதனால் முக்கியமான இடத்துக்குப் பத்தி எண்ணைப் பிடித்து உள்ளே போய் நீதிபதியின் வாசகத்தையே படித்துவிட வேண்டும்.

சரி, முதல் கேள்வி. பணம் தராதவன் மேல் மோசடி வழக்குப் போடலாமா?

2024 ஐஎன்எஸ்சி 626ஐத் திறந்து பாருங்கள். டெல்லி ரேஸ் கிளப் வழக்கு, 2024 ஆகஸ்ட் 23, நீதிபதிகள் பர்திவாலாவும் மனோஜ் மிஸ்ராவும். குதிரைகளுக்குத் தீவனம் சப்ளை செய்த ஒருவருக்கு 9 லட்சத்துக்கு மேல் பாக்கி, அவர் குற்றவியல் புகார் கொடுத்தார். நம் ஊரில் தினமும் நடப்பதுதான். நம் ஊரிலும் புகார் மனு எழுதும்போது பழைய தண்டனைச் சட்டத்தின் 406 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள், ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளட்டும் என்று. இந்தத் தீர்ப்பு அந்தப் பழக்கத்தின் மேல்தான் கை வைக்கிறது. ஏமாற்றுதல் என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடி என்றால் பொருள் முதலில் முறையாக ஒப்படைக்கப்பட்டு, அப்புறம் அதைக் கையாடியிருக்க வேண்டும். ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. அதற்கு மேல் ஒன்று சொல்கிறது, அதுதான் சப்ளையர்களுக்கு முக்கியம்: சரக்கை விற்றுவிட்டால் அது வாங்கியவனுடைய சொத்து, அங்கே "ஒப்படைத்தல்" என்பதே கிடையாது, ஆகவே பில் தொகை வரவில்லை என்பது மட்டும் நம்பிக்கை மோசடி ஆகாது.

இதைப் படித்தால் ஒரு சப்ளையருக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசி வசூலிக்கலாம் என்று நம்பி வருடங்களைக் கழித்துவிட்டு, சிவில் வழக்குக்கான மூன்று வருட காலவரம்பையும் தவற விடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். புகார் பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும், சிவில் வழியும் அடைபட்டிருக்கும். இந்த ஒரு தீர்ப்பை முதல் மாதமே படித்திருந்தால் அவர்கள் வேறு கதவைத் தட்டியிருப்பார்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, நம்பிக்கை மோசடி 316. இதைவிடக் குழப்பம் 482. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன், ரத்து மனு 528க்குப் போய்விட்டது. வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும். சட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய எண்ணிலும் தேடுங்கள்.

குற்றவியலில் இன்னொரு தொடரைப் படித்தபோதுதான் இந்தத் தளத்தின் உண்மையான பலம் எனக்குப் புரிந்தது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22(1) சொல்கிறது. எப்படிச் சொல்ல வேண்டும்? 2023 அக்டோபர் 3, 2023 ஐஎன்எஸ்சி 866: அமலாக்கத்துறை பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2024 மே 15, 2024 ஐஎன்எஸ்சி 414: யுஏபிஏ, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட வழக்கிலும் அப்படியே. 2025 பிப்ரவரி 7, 2025 ஐஎன்எஸ்சி 162: இது ஹரியானாவில் சாதாரண ஏமாற்று, போலி ஆவண வழக்கு, கைதானவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கு போட்டுச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். காரணம் தெரிவிக்கப்படாத கைது செல்லாது என்று அமர்வு சொன்னது, ஆனால் எல்லா வழக்கிலும் எழுத்தில்தான் என்று கட்டாயமாக்கவில்லை. பிறகு 2025 நவம்பர் 6, 2025 ஐஎன்எஸ்சி 1288: எந்தச் சட்டத்தின் கீழ் கைதானாலும் காரணம் எழுத்தில் தர வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், உடனே எழுதித் தர முடியாத சூழ்நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நான்கு தீர்ப்பு, இரண்டே வருடம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே. செய்தியில் இவை நான்கு தனித்தனி பரபரப்பாக வந்து போயின. தளத்தில் கடைசித் தீர்ப்பின் மேற்கோள் பட்டியலில் இருந்து பின்னோக்கிப் போனால் ஒரே கதையாகத் தெரியும். திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்கு அவருக்குப் புரிகிற மொழியில், டெல்லியில் கைதாகும் தமிழருக்குத் தமிழில் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம். இதை வக்கீல்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்து பயனில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி, திவால். இதில் சப்ளையர்களுக்கு இருக்கும் நம்பிக்கை அதிகம், கிடைப்பது குறைவு. முதலில் அடிப்படை: சரக்கோ சேவையோ கொடுத்தவர் திவால் மனுக்களை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு (என்சிஎல்டி) போக வேண்டுமென்றால் 2020 மார்ச் 24 முதல் பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். முன்பு அது 1 லட்சம். அந்தக் குதிரைத் தீவன சப்ளையர் போன்ற ஒருவருக்கு இந்தக் கதவே கிடையாது. 1 கோடிக்கு மேல் இருந்தாலும், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே சரக்கின் தரம் பற்றியோ அளவு பற்றியோ உண்மையான தகராறு இருந்ததாக எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் மனு நிற்காது, இது 2017இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதனால் தரக் குறைபாடு என்று வாங்கியவர் போடும் ஒரு மின்னஞ்சலைக்கூட பதில் சொல்லாமல் விடாதீர்கள்.

இதற்கு மேல் படிக்க வேண்டியது 2021 ஏப்ரல் 13 தீர்ப்பு. திவால் நடவடிக்கையில் ஒரு மீட்புத் திட்டம், அதாவது கம்பெனியை எடுத்து நடத்த வருகிறவர் யாருக்கு எவ்வளவு தருவார் என்ற திட்டம், ஒப்புதல் ஆகிவிட்டால், அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் எல்லாம் அழிந்துபோகும், அரசாங்கத்தின் வரிப் பாக்கி உட்பட. உங்கள் வாடிக்கையாளர் கம்பெனி மேல் திவால் நடவடிக்கை ஆரம்பித்திருக்கிறது என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கவனிக்காமல், கோரிக்கைப் படிவம் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பாக்கியை மறந்துவிட வேண்டியதுதான். சிறு சப்ளையர் சங்கங்கள் இந்தத் தீர்ப்பின் சாரப் பக்கத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால்கூடத் தகும்.

2021 மார்ச் 1 தீர்ப்பு ஒன்றும் உண்டு, அதில் திவால் சட்டமும் செக் பவுன்ஸ் சட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. திவால் நடவடிக்கையின்போது கம்பெனி மேல் வழக்குகளை நிறுத்தி வைக்கும் தடைக்காலம் ஓடும்போது அந்தக் கம்பெனி மேல் செக் பவுன்ஸ் வழக்கை நடத்த முடியாது, ஆனால் அந்த செக்கில் கையெழுத்துப் போட்ட இயக்குநர்கள் மேல் நடத்தலாம். செக் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் குறைவு.

பெரிய வழக்குகளில் இணையக் கல்வி நிறுவனமான பைஜூஸ் பற்றிய தீர்ப்பை, 2024 அக்டோபர் 23, 2024 ஐஎன்எஸ்சி 811, பொறுமையாகப் படிக்கலாம். கிரிக்கெட் வாரியத்துக்கு 158 கோடி பாக்கி, அதைக் கொடுத்துவிடுகிறோம் என்று சமரசம் பேசித் திவால் நடவடிக்கையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முடித்து வைத்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனு ஏற்கப்பட்ட பிறகு அது இரண்டு பேருக்கு இடையிலான சண்டை இல்லை, கடன் கொடுத்த எல்லாருக்குமான நடவடிக்கை, வெளியே வர வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் வழியில்தான் வர வேண்டும். ஜெட் ஏர்வேஸ் தீர்ப்பு, 2024 நவம்பர் 7, மீட்புத் திட்டத்தில் வாக்குக் கொடுத்த பணத்தைப் போடாத தரப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், கம்பெனியைக் கலைத்து விற்கச் சொல்லிவிட்டார்கள். 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய விமானங்கள்.

ஆனால் இந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கற்றுத் தரும் வழக்கு பூஷன் பவர் அண்ட் ஸ்டீல். 2017இல் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு முதல் பட்டியலில் அனுப்பிய 12 பெரிய கடனாளிகளில் ஒன்று. ஜேஎஸ்டபிள்யூ நிறுவனத்தின் திட்டம் 2019இல் என்சிஎல்டியில் ஒப்புதல் பெற்றது, கடன் கொடுத்த வங்கிகளுக்கு 19,000 கோடிக்கு மேல் பணமும் போய்விட்டது. 2025 மே 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதி அமர்வு, 2025 ஐஎன்எஸ்சி 621, அந்தத் திட்டமே சட்டத்துக்கு ஒவ்வாது, கம்பெனியைக் கலைக்க வேண்டும் என்றது. ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், பணம் பட்டுவாடா ஆகிவிட்டது, அந்த நிலையில். ஜூலை 31 அன்று அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே திரும்பப் பெற்றது. செப்டம்பர் 26 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான மூன்று நீதிபதி அமர்வு அதே திட்டத்தை உறுதி செய்தது.

ஐந்து மாதத்துக்குள் முழுத் தலைகீழ். மே மாதத் தீர்ப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு ஜூன் மாதம் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தால்? உங்கள் கணினியில் கிடக்கும் பிடிஎஃப் கோப்புக்குத் தான் செத்துப்போனது தெரியாது. இதேதான் ஒப்பந்தச் சட்டத்திலும் நடந்தது: முத்திரைத்தாள் கட்டணம் கட்டாத ஒப்பந்தத்தில் இருக்கும் மத்தியஸ்தப் பிரிவு (தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வார் என்ற ஆர்பிட்ரேஷன் ஷரத்து) செல்லாது என்று 2023 ஏப்ரல் 25 அன்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சொன்னார்கள். அதே வருடம் டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை மாற்றினார்கள், 2023 ஐஎன்எஸ்சி 1066, முத்திரைக் குறைபாடு சரிசெய்யக்கூடியது, அதனால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று. ஆகவே ஒரு தீர்ப்பைப் பிடித்தவுடன், அதற்குப் பிந்தைய தேதியில் அதே சட்டப் பிரிவை வைத்து இன்னொரு தேடல் போடுங்கள். 2008 முதல் இலவசமாக இருக்கும் இந்தியன் கானூன் தளத்தையும் கூடவே திறந்து வையுங்கள், ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்று பார்ப்பதற்கு அது வசதி. மேற்கோளுக்கும் பக்க எண்ணுக்கும் இ-எஸ்சிஆர், பின்கதைக்கு அது. நான் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது, ஒப்பந்தம். இங்கே சம்பளக்காரர்களுக்கான தீர்ப்பு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதைப் போல் திரித்துப் பரப்பப்பட்ட தீர்ப்பு சமீபத்தில் குறைவு. 2025 மே 14, 2025 ஐஎன்எஸ்சி 691, விஜயா வங்கி வழக்கு. மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், முன்னாலேயே போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்ட். ஒரு அதிகாரி முன்னாலேயே ராஜினாமா செய்துவிட்டு வேறு வங்கிக்குப் போனார், பணத்தை ஆட்சேபத்தோடு கட்டினார், வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம், உச்ச நீதிமன்றம் வங்கி பக்கம். உடனே செய்தி பரவியது: வேலை பாண்ட் எல்லாம் செல்லும், கட்டித்தான் ஆக வேண்டும் என்று. கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்டார்கள்.

தீர்ப்பைப் படியுங்கள். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை அந்தத் தடைக்குள் வராது என்கிறார் நீதிபதி பாக்சி. சரி, அத்தோடு நிறுத்தவில்லை. தயாராக அச்சடித்த ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பின் பலமும் சமமில்லை என்பதையும் எடுத்துப் பேசுகிறார். பொதுத்துறை வங்கி வெளிப்படையாக விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும், அதற்குச் செலவு உண்டு, ஆள் பாதியில் போனால் அந்தச் செலவு மறுபடியும் என்பதைப் பார்க்கிறார். அந்த அதிகாரியின் பதவிக்கும் சம்பளத்துக்கும் 2 லட்சம் என்பது ராஜினாமாவே செய்ய முடியாதபடி தடுக்கும் தொகை இல்லை என்பதையும் பார்க்கிறார். இந்த நியாயங்களோடு சேர்த்துத்தான் முடிவு. மாதம் 18,000 சம்பளத்தில் சேர்ந்த பெண்ணிடம் 5 லட்சம் பாண்ட் எழுதி வாங்கி, சான்றிதழ்களையும் பிடித்து வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனம் இந்தத் தீர்ப்பைக் காட்டி மிரட்டினால், அந்தப் பெண் இதே தீர்ப்பின் பத்திகளைக் காட்டிப் பேச முடியும். முழுத் தீர்ப்பைப் படிப்பதன் பலன் இதுதான், செய்தித் தலைப்பில் ஒரு பக்கம் மட்டும் தெரியும், தீர்ப்பின் உள்ளே உங்களுக்கும் ஆயுதம் இருக்கும்.

வீடு வாங்குகிறவர்களுக்கு 2025 பிப்ரவரி 3 தீர்ப்பு, 2025 ஐஎன்எஸ்சி 143, கோத்ரெஜ் ப்ராஜெக்ட்ஸ் வழக்கு. புக்கிங்கை ரத்து செய்தால் வீட்டின் அடிப்படை விலையில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வோம் என்ற பில்டர் ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, 10 சதவீதம்தான் பிடிக்கலாம். பில்டர் தாமதித்தால் அவர் தரும் இழப்பீடு பெயருக்கு, வாங்குபவர் பின்வாங்கினால் பெரிய வெட்டு என்று இருக்கும் ஒப்பந்தங்களை நாம் எத்தனை பார்க்கிறோம்.

மத்தியஸ்தம் பற்றி ஒன்று மட்டும். 2025 ஏப்ரல் 30, 2025 ஐஎன்எஸ்சி 605. மத்தியஸ்தர் கொடுத்த தீர்ப்பை நீதிமன்றம் ரத்துதான் செய்ய முடியுமா, திருத்தவும் முடியுமா என்ற பழைய கேள்வி. சென்னையில் இருந்து போன வழக்கு. நான்கு நீதிபதிகள், சில எல்லைக்குள் திருத்தலாம் என்றார்கள்: தனியாகப் பிரிக்க முடிகிற தவறான பகுதி, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி போன்றவை. நீதிபதி கே.வி. விஸ்வநாதன் மாறுபட்டார், சட்டம் தராத அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது என்று. அவரது மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். நான் பெரும்பான்மையின் பக்கம்தான், ஒரு கணக்குப் பிழைக்காக முழு மத்தியஸ்தத்தையும் முதலில் இருந்து நடத்தச் சொல்வது பணம் வர வேண்டிய சிறு ஒப்பந்தக்காரரைக் கொல்லும், ஆனால் அவரது வாதத்துக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

இப்போது அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். தமிழ்.

தளத்தில் மாநில மொழி மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன, தமிழும் உண்டு. சுவாஸ் என்ற மென்பொருள் முதலில் மொழிபெயர்க்கிறது, பிறகு ஆட்கள் சரிபார்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் 2023 சுதந்திர தினத்தன்று தலைமை நீதிபதி அதுவரை 9,423 தீர்ப்புகள் மொழிபெயர்க்கப்பட்டிருப்பதாகச் சொன்னபோது, அதில் மிகப் பெரும்பகுதி இந்தி. தமிழின் பங்கு மிகச் சிறியது. மொழிபெயர்ப்பின் மேலேயே ஒரு வாசகமும் இருக்கும்: வழக்காடுபவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான், மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலமே அதிகாரபூர்வமானது. அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவு உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்று சொல்வதால் அந்த வாசகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கைதாகிறவருக்குப் புரியும் மொழியில் காரணம் தர வேண்டும் என்று ஒரு தீர்ப்பு சொல்கிறதென்றால், அந்த உரிமை தனக்கு இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளும் மொழியிலும் அந்தத் தீர்ப்பு இருக்க வேண்டும்.

முழுத் தீர்ப்பையும் மொழிபெயர்க்கக் காலமும் பணமும் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகப்பில் இருக்கும் அந்த இரண்டு மூன்று பக்கங்களை, பிரச்சினையும் சாரமும் மட்டும், பதிப்பிக்கப்படும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் தமிழில் போட முடியாதா? நூறு பக்கம் தவறும் தடுமாற்றமுமாக வருவதைவிட மூன்று பக்கம் சுத்தமாக வந்தால் ஒரு சப்ளையருக்கும் ஒரு தொழிலாளிக்கும் போதும். சட்டக் கல்லூரி மாணவர்களையும் ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகளையும் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். நீதிமன்றத் தீர்ப்பைப் பிரதி எடுத்து வெளியிடுவதற்கு, நீதிமன்றம் தடை செய்யாதவரை, பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, அதனால் வெளியில் இருப்பவர்கள் முன்வந்து தமிழில் விளக்கம் எழுதவும் தடையில்லை.

மற்ற குறைகள் சின்னவை. தொகுப்பில் பதிப்பிக்கத் தகுந்தவை என்று குறிக்கப்பட்ட தீர்ப்புகள்தான் வரும், சிறு உத்தரவுகள் வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தளத்தில் வழக்கு எண் போட்டுத் தேட வேண்டும். நேற்று வந்த தீர்ப்பும் முதலில் அங்கேதான் வரும், சாரத்தோடு இங்கே வருவதற்குச் சில காலம் பிடிக்கும்.

புதிதாகத் திறப்பவர்கள் 2024 ஐஎன்எஸ்சி 626இல் இருந்து ஆரம்பியுங்கள், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும், கதை எளிது, தொகை சிறியது, சட்டம் தெளிவாக இருக்கும். வேலையில் இருப்பவர்கள் 2025 ஐஎன்எஸ்சி 691இல் இருந்து ஆரம்பிக்கலாம். திவால் தீர்ப்புகளைத் தனியாகப் படிக்க முயல வேண்டாம், திட்ட ஒப்புதல், வாக்குச் சதவீதம், காலக்கெடு என்று நிறைய உள்விவரம் இருக்கும், முதல் தடவை விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கி 1 கோடியைத் தாண்டியிருந்தால் அவர் வக்கீலாகவே இருக்கட்டும், போகும்போது இந்த எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.